தாம்பரத்துக்கு வந்த இங்கிலீஷ் வாத்தியார்கள்

1937-ல் வில்லியம் எம்ப்சன் என்ற ஆங்கிலேயர், பீகிங் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் நடத்தும் வேலைக்காகச் சீனா போய்ச் சேர்ந்தார். போன இடத்தில் வேலை இருந்தது, பல்கலைக்கழகம் இல்லை. ஜப்பானியப் படை பீகிங்கைப் பிடித்துவிட்டது. பீகிங், சிங்ஹுவா, நான்காய் என்ற மூன்று பல்கலைக்கழகங்களும் ஆசிரியர்களையும் மாணவர்களையும் கூட்டிக்கொண்டு தெற்கே சாங்ஷாவுக்குக் கிளம்பியிருந்தன. எம்ப்சனும் பின்னாலேயே போனார். நான்யுவே மலையில் வகுப்பு நடந்தது. கையில் புத்தகம் கிடையாது. மனப்பாடமாக இருந்த கவிதைகளை வைத்துப் பாடம் நடத்தினார். அடுத்த ஆண்டு மொத்தக் கூட்டமும் இன்னும் மேற்கே, யுன்னான் மாகாணத்துக் குன்மிங்குக்கு நகர்ந்தது. புது ஊருக்குப் போகும் ஆங்கில ஆசிரியருக்கு வீடு, சாப்பாடு, பாஷை என்று எத்தனையோ கவலை இருக்கும். எம்ப்சனுக்குத் தன் கல்லூரி நாளை எந்த ஊரில் இருக்கும் என்பதே கவலை.

அதே 1937 ஜனவரியில் சென்னையிலும் ஒரு கல்லூரி ஊர் மாறியது. இங்கே யாரும் துரத்தவில்லை. பாரிமுனையில் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, நகரத்தின் மையத்தில் இருந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரி, தானே விரும்பி தாம்பரத்துப் புதர்க்காட்டுக்குக் குடிவந்தது. ஆளுநர் எர்ஸ்கின் பிரபு திறந்துவைத்தார். அதுவரை தாம்பரம் என்றால் ஒரு ரயில் நிலையம், சில தெருக்கள், சுற்றிலும் ஏரிகளும் வயலும் முள்காடும். அந்த இடத்துக்கு ஸ்காட்லாந்திலிருந்து வந்த பேராசிரியர்கள் ஷேக்ஸ்பியரையும் பைபிளையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தென்சென்னைப் புறநகர் இன்று பள்ளியும் கல்லூரியும் கோச்சிங் சென்டருமாகக் கிடக்கிறதே, அதற்குப் பிள்ளையார் சுழி போட்டது இந்தக் குடிபெயர்ப்பு.

கதை நூறு வருஷம் முன்னால் தொடங்குகிறது. 1837-ல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் அர்மேனியன் தெருவில் ஒரு வாடகை வீட்டில் 59 பையன்களை வைத்துப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். அது ஒரு கல்லூரியாக வளர்ந்தது வில்லியம் மில்லரால். வட ஸ்காட்லாந்தின் தர்சோ என்ற ஊர்க்காரர் அவர். 1862-ல் சென்னைக்கு வந்தபோது வயது இருபத்து நான்கு. அன்றைக்குச் சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நங்கூரம் போடும். அங்கிருந்து மசூலா படகில் ஏற்றி, அலையைத் தாண்டி, கரையில் கொண்டுவந்து இறக்குவார்கள். சென்னைக்கு வேலைக்கு வந்த எந்த வெள்ளைக்கார ஆசிரியருக்கும் ஊர் முதலில் கற்றுக்கொடுத்த பாடம் அந்தப் படகுச் சவாரிதான்.

மில்லர் நாற்பத்தைந்து வருஷம் இருந்தார். 1877-ல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி என்று பெயர் ஏற்பட்டபோது அதன் முதல்வர் அவரே. ஷேக்ஸ்பியரின் சோக நாடகங்களை ஒழுக்கப் பாடமாக நடத்துவதில் அவருக்குப் பெரிய பேர். லியர் அரசனையும் மக்பெத்தையும் பற்றி அவர் எழுதிய நூல்கள் இன்று யாரும் புரட்டாதவை. ஆனால் அந்தக் காலத்துச் சென்னையில் வக்கீல், நீதிபதி, பத்திரிகை ஆசிரியர் என்று பேர் எடுத்த பலர் அவரிடம் பாடம் கேட்டவர்கள். அவர் உயிரோடு இருந்தபோதே மாணவர்கள் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

அந்தக் கல்லூரியில் ஆங்கிலத்துக்கு இருந்த மரியாதையில் பாதிகூடத் தமிழுக்கு இல்லை. அதை மாற்றப் பார்த்தவர் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரி, பரிதிமாற் கலைஞர். மில்லர் ஒரு நாள் டென்னிசனின் கவிதையில் படகு போவதை அன்னத்துக்கு ஒப்பிட்ட அழகைச் சொல்லி, உங்கள் மொழியில் இப்படி உண்டா என்று கேட்டாராம். சாஸ்திரி உடனே கம்பனின் குகப் படலத்தை எடுத்துச் சொன்னாராம். தமிழாசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை இது. டென்னிசனுக்குப் பல நூற்றாண்டு முந்தியவன் கம்பன் என்பதைச் சேர்த்துச் சொல்லாமல் எந்தத் தமிழாசிரியரும் இந்தக் கதையை முடிப்பதில்லை! சாஸ்திரி 1903-ல் முப்பத்துமூன்று வயதில் இறந்துபோனார்.

அவர் காலத்திலேயே, 1898-ல், வேலைக்குச் சேர்ந்தவர் நாகப்பட்டினத்து வேதாசலம். பின்னாளில் மறைமலையடிகள். 1911-ல் கல்லூரியில் தமிழின் இடம் சுருங்கியபோது வேலையை விட்டுவிட்டு, நகரத்தையும் விட்டுவிட்டு, பல்லாவரத்தில் குடியேறினார். தென்புறநகருக்கு வந்த கல்லூரி ஆசிரியர்களில் இவர் முன்னோடி என்று தாராளமாகச் சொல்லலாம். இவர் வேலை பார்த்த கல்லூரி இதே ரயில் பாதையில் இன்னும் தெற்கே வர, இருபத்தாறு வருஷம் பிடித்தது. 1916-ல் தனித்தமிழ் இயக்கம் பல்லாவரத்து வீட்டிலிருந்துதான் கிளம்பியது. ஆங்கிலக் கல்லூரி ஒன்றின் வகுப்பறையில் பதின்மூன்று வருஷம் கழித்தவர் தொடங்கிய இயக்கம் அது என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. ஆங்கிலத்தில் பத்திரிகை நடத்துமளவுக்கு ஆங்கிலம் அறிந்தவர் அவர். ஆங்கிலத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் தமிழில் எது கலந்துகிடக்கிறது என்பது அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி ரயில். கல்லூரி தாம்பரத்துக்கு வந்ததற்கு மிஷனின் தொலைநோக்கைக் காரணமாக எழுதுவது வழக்கம். ஜார்ஜ் டவுனில் இடம் போதவில்லை, தெருக்கூச்சல் தாங்கவில்லை, மாணவரும் ஆசிரியரும் ஒரே வளாகத்தில் வாழ்ந்து படிக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. எல்லாம் உண்மை. 1931-ல் வெளியான லிண்ட்சே குழு அறிக்கையும் இந்தியக் கிறித்துவக் கல்லூரிகள் தேர்வுத் தொழிற்சாலைகளாகிவிட்டன என்று கடிந்துகொண்டது. ஆனால் எண்ணம் மட்டும் இருந்து என்ன செய்ய? பாரிமுனையிலிருந்து தாம்பரம் கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர். அந்தத் தூரத்தைச் சுருக்கியது அதே 1931-ல் பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை ஓடத் தொடங்கிய மின்சார ரயில். இந்தியாவில் மீட்டர் கேஜ் பாதையில் மின்சாரம் வந்தது முதன்முதலாக இங்கேதான். பம்பாய்க்கு அடுத்து மின்சார ரயில் கண்ட ஊர் சென்னை. பழைய கல்லூரியின் வாசலுக்குப் பக்கத்து ஸ்டேஷனில் ஏறினால் புதுக் கல்லூரியின் வாசலுக்குப் பக்கத்து ஸ்டேஷனில் இறங்கலாம். இந்த ஒரு வசதி இல்லையென்றால் அத்தனை தூரத்தில் போய்க் கட்டடம் கட்ட எந்தக் கமிட்டியும் கையெழுத்துப் போட்டிருக்காது.

அந்தப் பாதையே ஒரு விசித்திரம். ஒவ்வொரு ஸ்டேஷனும் யாரோ ஒருவரின் கனவு. குரோம்பேட்டைக்குப் பெயர் தந்தது சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் நடத்திய குரோம் தோல் தொழிற்சாலை. சானடோரியம், டாக்டர் சௌரி முத்து 1928-ல் ஆரம்பித்த காசநோய் மருத்துவமனை. காற்று சுத்தமாக இருக்கும் என்று நோயாளிகளைக் கொண்டுவந்த அதே தாம்பரத்துக்கு, மனம் சுத்தமாக இருக்கும் என்று மாணவர்களையும் கொண்டுவந்தார்கள்.

சேலையூர்க் காட்டில் கல்லூரிக்குக் கிடைத்த இடம், இன்றைய கணக்கில், 365 ஏக்கர். கட்டடங்களைத் திட்டமிட்டவர் ஹென்றி ஷெட்டி என்ற சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர். மரங்களைத் திட்டமிட்டவர் ஆங்கிலப் பேராசிரியரும் இல்லை, தாவரவியல் பேராசிரியரும் இல்லை. எட்வர்ட் பார்ன்ஸ் என்ற வேதியியல் பேராசிரியர். நீலகிரி மலைச் செடிகளில் பித்துக்கொண்டவர். ஒரு செடியினத்துக்கே, அரிசீமா பார்னெசி என்று, தாவரவியலாளர்கள் இவர் பெயரை வைத்திருக்கிறார்கள். இவரும் மனைவி ஆலிஸும் சேர்ந்து முள்காட்டுக்குள் பாதை வகுத்து, இருக்கிற காட்டை முடிந்தவரை அப்படியே விட்டு, வேண்டிய இடத்தில் மட்டும் மரம் வைத்தார்கள். கட்டடம் எழுப்புவதென்றால் முதலில் புல்டோசரைக் கூப்பிடும் இன்றைய கல்லூரி அதிபர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டிய இடம். பார்ன்ஸ் 1941-ல் காலமானார். தான் நட்டவை பெரிய மரமாவதைப் பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை.

புதிதாக வரும் ஆசிரியர் இந்த ஊரில் எப்படி வாழ்வது என்ற கேள்விக்குக் கல்லூரி தந்த விடை, ஹால். செயின்ட் தாமஸ் ஹால், சேலையூர் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று மூன்று விடுதிகள். மூன்றாவதன் பெயருக்குப் பின்னால் திருச்சி இருக்கிறது: அங்கே இருந்த பிஷப் ஹீபர் கல்லூரியை 1930-களில் மூடி இதோடு சேர்த்தபோது பெயர் இங்கே வந்தது. திருச்சியில் கல்லூரி மறுபடி பிறந்தது 1960-களில். ஹாலுக்கு வார்டனாக இருப்பவர் ஒரு பேராசிரியர். பாடம் மணி அடித்ததும் முடிந்துவிடாது. மாலை விளையாட்டு, ராச்சாப்பாடு, நாடகம், விவாதம், பையன்களின் சண்டை, பையன்களின் காய்ச்சல் எல்லாம் வார்டன் கணக்கு. ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பார்த்த முறையைத்தான் இங்கே கொண்டுவந்தார்கள். ஆனால் அதற்குள் பொங்கலும் மெஸ் கமிட்டியும் சாதிப் பந்தி பற்றிய வாக்குவாதமும் புகுந்துகொண்டபோது அது வேறு ஒன்றாகிவிட்டது.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இருந்தது. எல்லாமே வளாகத்துக்குள் கிடைத்ததால், ஊரைப் பற்றித் தெரியாமலே ஒருவர் முப்பது வருஷம் தாம்பரத்தில் வாழ்ந்துவிட முடியும். பாடமொழி ஆங்கிலம், சக ஆசிரியர் பேச்சு ஆங்கிலம், சமையல்காரரும் கொஞ்சம் ஆங்கிலம். தமிழ் கற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் கிராமத்துப் பாதிரியாருக்கு இருந்ததுபோல் கல்லூரிப் பேராசிரியருக்கு இருக்கவில்லை.

வளாகம் வந்து இரண்டு வருஷம் முடிவதற்குள் உலகமே அங்கே வந்து இறங்கியது. 1938 டிசம்பரில் சர்வதேச மிஷனரி மாநாடு. 69 நாடுகள், 471 பிரதிநிதிகள். அமெரிக்கர் ஜான் மாட் தலைமை. இந்த மாநாடு முதலில் நடப்பதாக இருந்தது சீனாவில், ஹாங்சௌ நகரில். எம்ப்சனைக் குன்மிங்குக்குத் துரத்திய அதே போர் இதைத் தாம்பரத்துக்குத் தள்ளிவிட்டது. விடுமுறையில் காலியாக இருந்த மாணவர் அறைகளில் பிரதிநிதிகள் தங்கினார்கள். சீனக் குழுவுக்குத் தலைமை தாங்கி வந்தவர் வூ யிஃபாங் என்ற பெண்மணி. நான்ஜிங்கின் ஜின்லிங் பெண்கள் கல்லூரித் தலைவர். முந்தைய டிசம்பரில் நான்ஜிங் ஜப்பானியரிடம் விழுந்து, அவருடைய கல்லூரி மேற்கே செங்டுவில் தஞ்சம் புகுந்திருந்தது. போர் கலைத்த கல்லூரி ஒன்றின் தலைவர், புத்தம்புதுச் சுண்ணாம்பு வாசம் மாறாத கல்லூரி ஒன்றில் வந்து பேசினார்.

மாநாட்டில் பெரிய வாக்குவாதம் ஒன்று எழுந்தது. ஹெண்ட்ரிக் கிரேமர் என்ற டச்சுக்காரர், கிறித்துவத்துக்கும் மற்ற மதங்களுக்கும் நடுவே தொடர்பே இல்லை என்ற தொனியில் ஒரு நூல் எழுதிக் கொண்டுவந்தார். அதை எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர் ஏ. ஜி. ஹாக், 1903-ல் சென்னைக்கு வந்து தத்துவம் நடத்தியவர், கல்லூரியைத் தாம்பரத்துக்குக் கொண்டுவந்த முதல்வர். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் இவருடைய மாணவர். முப்பத்தைந்து வருஷம் இந்துப் பையன்களோடு வகுப்பில் வாதாடியவருக்கு, அவர்களுடைய நம்பிக்கையில் கடவுள் இல்லவே இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. நூல் எழுதிக் கொண்டுவந்தவருக்கும் வகுப்பில் நின்று பேசியவருக்கும் உள்ள தூரம் அந்தச் சச்சரவில் தெரிந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகும் ஸ்காட்லாந்து ஆசிரியர்கள் உடனே மூட்டை கட்டவில்லை. ஏ. ஜே. பாய்ட், அவருக்குப் பின் ஆங்கிலப் பேராசிரியர் ஜே. ஆர். மக்ஃபெயில் முதல்வர்களாக இருந்தார்கள். 1962-ல்தான் சந்திரன் தேவநேசன் முதல் இந்திய முதல்வரானார். அந்த இடைக்காலத்தில் ஆசிரியர் அறையின் முகம் மாறிவிட்டது. நாகர்கோவில், பாளையங்கோட்டை, கோட்டயம் என்று வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள் ஷேக்ஸ்பியரையும் வேர்ட்ஸ்வொர்த்தையும் எடுத்துக்கொண்டார்கள். இவர்களுக்குத் தாம்பரம் அயல் ஊர்தான். ஆனால் ஊர் பாஷை தெரியும், அல்லது ஒரே மாதத்தில் பிடிபடும். வளாகத்துக்கு வெளியே சேலையூரில் மனை வாங்கினார்கள், கிணறு வெட்டினார்கள், பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தார்கள். பேராசிரியர்கள் தெருத்தெருவாகக் குடியேறிய ஊராகக் கிழக்குத் தாம்பரம் ஆனது இப்படித்தான். 1964-ல் தாம்பரம் நகராட்சியும் ஆயிற்று.

வளாகத்துக் காடும் தன் வேலையைச் செய்தது. புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி வளாகத்துப் பறவைகளையும் செடிகளையும் பார்த்துக் குறித்தார், கல்வெட்டு எழுத்துகளைக் கணினிக்குக் கொண்டுபோனார். ஆங்கிலத் துறையில் நிர்மல் செல்வமணி, ஆங்கில இலக்கியம் படிக்க வந்த பிள்ளைகளுக்குத் தொல்காப்பியத்தின் திணைக் கோட்பாட்டை நடத்தினார். சூழலியல் திறனாய்வு என்று மேல்நாட்டில் பேசத் தொடங்கியதை முல்லை, குறிஞ்சி வழியாகப் படிக்கலாம் என்று காட்டினார். மறைமலையடிகள் கோபித்துக்கொண்டு வெளியேறிய கல்லூரியின் ஆங்கிலத் துறைக்குள்ளேயே தொல்காப்பியம் வந்து உட்கார்ந்தது.

1984 இந்தப் பகுதிக்கு இன்னொரு 1937. அந்த ஆண்டு எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தந்தது. வண்டலூரில் கிரசென்ட், சேலையூரில் பாரத் என்று கல்லூரிகள் எழுந்தன, அப்புறம் ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் பேருந்து நிறுத்தத்துக்கு ஒன்று. சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் வந்ததும் அதே 1984-ல். பொறியியல் கல்லூரி ஒவ்வொன்றுக்கும் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்த ஆள் வேண்டும். எம்.ஏ., எம்.பில். முடித்துவிட்டு மில்டனையும் பின்காலனியத்தையும் மண்டையில் வைத்துக்கொண்டு வந்த இளைஞர், இங்கே நடத்த வேண்டியது டெக்னிகல் இங்கிலீஷ்: சுயவிவரம் எழுதுவது, குழு விவாதம், நேர்முகத் தேர்வில் கையை எங்கே வைப்பது. பத்தாண்டு தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த பையன் கடைசி பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பான். அவனைப் பேசவைக்கத் தெரிந்த வாத்தியாருக்குப் பேராசிரியர் பதவி சீக்கிரம் வராது. அந்தப் பையன் வேலைக்குப் போன பிறகு செய்யும் போன் வரும்.

இந்த வாத்தியாருக்கு ஹால் இல்லை, பங்களா இல்லை. வீடு தானே தேட வேண்டும். கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், மேற்கே முடிச்சூர் என்று அலைய வேண்டும். டு-லெட் போர்டில் இருக்கும் நம்பருக்கு அடித்தால் முதல் கேள்வி, "பேமிலியா, பேச்சிலரா?" அடுத்தது, "சைவமா?" பத்து மாத வாடகை அட்வான்ஸ் என்பது சென்னையின் எழுதாத சட்டம். 2017-ல் வந்த வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. சட்டத்தை வீட்டுக்காரரிடம் எடுத்துச் சொல்லிப் பார்த்த வாத்தியார், அடுத்த தெருவில் வேறு வீடு பார்க்க வேண்டியிருக்கும்.

2015-க்குப் பிறகு வாடகைக்கு வருபவர் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்று சேர்ந்துகொண்டது: மழைக்குத் தண்ணி உள்ளே வருமா? அந்த டிசம்பர் முதல் தேதி ஒரே நாளில் தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் முதல் மாடி வரை வெள்ளம் ஏறி, படகில் ஆட்களை எடுத்தார்கள். ஏரிக்குள்ளும் ஏரிக்கரையிலும் மனை போட்டு விற்றதன் கணக்கை அடையாறு தீர்த்துக்கொண்டது. கிறித்துவக் கல்லூரிக் காட்டைப் பற்றி அதுவரை அழகு, அமைதி என்று பேசியவர்கள், நீர் உறிஞ்சும் நிலம் என்று பேச ஆரம்பித்ததும் அப்போதுதான்.

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தது. தெற்கிலிருந்து வேலைக்கு வரும் ஆசிரியருக்குச் சென்னை இப்போது தாம்பரத்துக்கும் முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. மாலை வேளைகளில் மேற்குத் தாம்பரம் மாடிப்படிகளில் ஸ்போக்கன் இங்கிலீஷ், ஐ.இ.எல்.டி.எஸ். போர்டுகளுக்குக் குறைவில்லை, கல்லூரிச் சம்பளம் போதாத விரிவுரையாளர்கள் பலர் அங்கே இரண்டாவது வேலை பார்க்கிறார்கள். மில்லர் காலத்தில் ஸ்காட்லாந்திலிருந்து ஆள் வந்து சொல்லிக்கொடுத்த பாஷையை, இப்போது ஸ்காட்லாந்துக்குப் போக இருக்கும் நர்சுகளுக்குத் தென்காசிக்காரர் சொல்லிக்கொடுக்கிறார். சில மையங்களில் ஆங்கிலத்துக்குப் பக்கத்து அறையில் ஜெர்மன் வகுப்பும் நடக்கிறது, கட்டணம் அதற்குத்தான் கூடுதல்.